ஃபிலிம் கேமரா வாங்கப் போகிறீர்களா? கனத்தை மட்டும் பார்க்காதீர்கள்

உயர்ரக ஃபிலிம் கேமராவை முதன்முதலில் கையில் வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கனம்" என்கிறார்கள். தேங்காய் வாங்கும்போது ஆட்டிப் பார்ப்பது மாதிரி. தேங்காயிலாவது அதற்குக் கொஞ்சம் பலன் உண்டு. கேமராவின் கனத்திலிருந்து தெரிவது, உள்ளே உலோகம் நிறைய இருக்கிறது என்பது மட்டும்தான். நாளைக்கும் அது ஓடுமா, நின்றுபோனால் யாராவது சரிசெய்ய முடியுமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். டைட்டானியம் உடல் கொண்ட ஒரு சின்ன காம்பாக்ட் கேமரா வாங்கினேன். மேலே ஒரு கீறல்கூடக் கிடையாது. ஆறாவது ரோலில் லென்ஸ் பாதி வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. மூன்று மெக்கானிக்குகளிடம் எடுத்துப் போனேன். மூன்றாமவர் திறந்து பார்த்துவிட்டு, "சார், ஸ்க்ரூன்னா மாத்தலாம், ஸ்பிரிங்னா செஞ்சே தந்துடலாம். இது பட்டை ஒயர் அறுந்திருக்கு. இதுக்கு நான் எங்க போறது?" என்றார். டைட்டானியம் இன்றும் பளபளப்பாகத்தான் இருக்கிறது. அலமாரியில் புத்தகங்கள் சாயாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

உறுதியான கட்டுமானம் ஒன்று. சொன்னபடி வேலை செய்வது இன்னொன்று. பழுதானால் சரிசெய்ய முடிவது மூன்றாவது. புத்தம் புதுக் கேமரா வாங்குபவருக்கு முதல் இரண்டும் போதும். 20, 40 வருடம் ஆன பொருளை வாங்குபவர் மூன்றாவதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் படி: உள்ளே ஓடுவது ஸ்பிரிங்கா, மின்சாரமா?

பிராண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஷட்டரை, அதாவது ஃபிலிம் மேல் வெளிச்சம் விழத் திறந்து மூடும் திரையை, இயக்குவது எது என்று முதலில் கேளுங்கள்.

நிக்கான் எஃப் (1959), எஃப்2 (1971), எஃப்எம்2 (1982), லைக்கா எம்3 (1954) முதல் எம்6 வரை அந்த வரிசையில் பெரும்பாலானவை, ஹாசல்பிளாட் 500சி/எம், ஒலிம்பஸ் ஓஎம்-1 இவையெல்லாம் முழுக்க ஸ்பிரிங்கும் பல்சக்கரமும்தான். பேட்டரி என்று ஒன்று இருந்தால் அது வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும். பேட்டரி இல்லாமலே எஃப்எம்2 ஒரு விநாடியிலிருந்து 1/4000 வரை எல்லா வேகத்திலும் சுடும். கைத்திறன் உள்ள ஒரு மெக்கானிக்கும் நல்ல ஸ்க்ரூடிரைவரும் இருக்கும்வரை இவற்றுக்கு ஆயுள் உண்டு.

நடுவில் ஒரு வகை இருக்கிறது. நிக்கான் எஃப்3 (1980) ஷட்டரை மின்சுற்றுதான் கட்டுப்படுத்துகிறது. பேட்டரி செத்துவிட்டால் லென்ஸுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் இருக்கிறது. அதை அழுத்தினால் ஏறத்தாழ 1/60 வேகத்தில் மட்டும் படம் எடுக்கலாம். பேட்டரியை நம்பியிருக்கும் கேமரா வேலைக்காகுமா என்று அப்போது பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் பலர் தயங்கினார்கள். அந்தக் கேமரா பின்னால் வந்த எஃப்4 (1988), எஃப்5 (1996) இரண்டும் விற்பனையில் இருந்தபோதும் நிற்காமல், சுமார் 20 ஆண்டுகள் தயாரிப்பில் இருந்தது. அதன் ஃபிலிம் நகர்த்தும் லீவரை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். உள்ளே பால் பேரிங் வைத்திருக்கிறார்கள். ஃபிலிம் போட்டிருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும்.

மூன்றாவது வகை முழு மின்னணு. கான்டாக்ஸ் டி2, டி3, ஜி2, நிக்கான் எஃப்5, கேனான் இஓஎஸ்-1வி (2000). இவற்றை மட்டமாகச் சொல்லவில்லை. எஃப்5, 1வி இரண்டும் அடிபடவே பிறந்தவை. அவற்றின் ஷட்டர் 1,50,000 முறை இயங்கும்படி சோதிக்கப்பட்டது. 36 படம் கொண்ட ரோலில் கணக்குப் போட்டால் நாலாயிரம் ரோலுக்கு மேல். வாரம் ஒரு ரோல் எடுத்தாலும் 80 வருடம் ஆகும். ஆக, சாகப்போவது ஷட்டர் இல்லை. கப்பாசிட்டர், எல்சிடி, ஃப்ளெக்ஸ் கேபிள் (என் மெக்கானிக் சொன்ன அதே பட்டை ஒயர்) போன்ற சில்லறைச் சாமான்கள்தான் காலை வாரும். கான்டாக்ஸைத் தயாரித்த கியோசெரா அந்தத் தொழிலை விட்டு விலகுவதாக 2005-இல் அறிவித்துவிட்டது. பாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த கான்டாக்ஸிலிருந்துதான் கழற்ற வேண்டும்.

முதல் கேமரா என்றால் என் ஓட்டு எஃப்எம்2-க்கு. இரண்டாவது எஃப்3. லைக்கா எம்6 நல்ல கேமராதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலையில் பெரும்பங்கு முன்னால் இருக்கும் சிவப்பு லைக்கா பொட்டுக்குப் போகிறது.

இரண்டாம் படி: அந்த மாடலின் வியாதியைத் தெரிந்துகொள்ளுங்கள்

எவ்வளவு விலையுயர்ந்த கேமராவுக்கும் குடும்ப வியாதி என்று ஒன்று உண்டு. வாங்கும் முன்னால் அதைத் தெரிந்துகொண்டவர் பேரத்தில் பாதி ஜெயித்த மாதிரி.

பென்டாக்ஸ் எல்எக்ஸ் ஒரு நல்ல உதாரணம். 1980-இல் வந்தது. எல்எக்ஸ் என்பது ரோமன் எண்ணில் 60. கம்பெனியின் அறுபதாம் ஆண்டையொட்டி வைத்த பெயர். மழைக்கும் தூசிக்கும் தாங்கும்படி மூட்டுக்கு மூட்டு சீல் வைத்துச் செய்தார்கள். அப்படிப்பட்ட கேமராவைப் படுக்கவைத்தது, படம் எடுக்கும்போது லென்ஸுக்குப் பின்னால் எழும்பி வழிவிடும் கண்ணாடியின் இயக்கத்தில் இருக்கும் சின்னச் சின்ன ரப்பர் துண்டுகள். வயதானதும் அவை பிசினாக மாறிவிடுகின்றன. பட்டனை அழுத்தினால் கண்ணாடி உடனே எழும்பாது, கொஞ்சம் யோசித்துவிட்டு எழும்பும். இதில் ஒரு தந்திரம் கவனியுங்கள்: முதல் அழுத்தலில்தான் இந்தத் தயக்கம் தெரியும். நாலைந்து முறை சுட்டதும் சரியாகிவிடும். விற்பவர் உங்கள் முன்னால் வரும்முன் பத்து முறை சுட்டிருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. முந்தைய நாளிலிருந்து யாரும் தொடாத நிலையில் முதல் ஷாட்டை நீங்களே சுட வேண்டும்.

லைக்கா எம்3-இன் மேல்தகடு பித்தளை. 1984-இல் வந்த எம்6-க்குத் துத்தநாகக் கலவை வார்ப்பு. சில எம்6-களில் பூச்சுக்கு அடியில் துத்தநாகம் அரித்து, மேலே சின்னச் சின்னக் கொப்புளம் கிளம்பும். படத்துக்கு ஒன்றும் ஆகாது, விலையைக் குறைக்கச் சொல்லலாம். 2022-இல் எம்6-ஐ மறுபடி கொண்டுவந்தபோது மேல்தகட்டைப் பித்தளைக்கே மாற்றிவிட்டார்கள். எம்3-க்கு வேறு கவலை. இரண்டு உருவத்தை ஒன்றாகச் சேர்த்து ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டருக்குள் இருக்கும் கண்ணாடிப் பட்டகங்கள் பசை போட்டு ஒட்டியவை. பழைய பசை விட்டுப்போனால், அல்லது ஒரு நல்ல இடி வாங்கினால், கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே இருண்டுபோகும். அது பெரிய செலவு.

இதே லைக்காக்களுக்கு நம் ஊர் வெயிலும் ஒரு எதிரி. ஷட்டர் திரை ரப்பர் பூசிய துணி. எஸ்எல்ஆர் (நிக்கான், பென்டாக்ஸ் எல்எக்ஸ் வகை) மாதிரி நடுவில் எழும்பும் கண்ணாடி இல்லாததால், மூடி போடாத லென்ஸை வானத்தைப் பார்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் சூரியன் அந்தத் துணியில் குவிந்து பொசுக்கிவிடும். சின்ன வயதில் பூதக்கண்ணாடியால் காகிதம் எரித்தோமே, அதேதான். லென்ஸைக் கழற்றிவிட்டுத் திரையைக் கண்ணுக்கருகே வைத்துப் பாருங்கள். ஊசித்துளை, ஒட்டுப்போட்ட தடம், வெடிப்பு ஏதாவது இருந்தால் திரை மாற்றும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

ஒலிம்பஸ் ஓஎம்-1 அழகான, சின்னக் கேமரா. அதன் மேல்பட்டகத்தைச் சுற்றி வைத்த பஞ்சு மட்கி, பட்டகத்தின் வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். வியூஃபைண்டரில் கறையாகத் தெரியும். அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்குச் செய்தது. அந்த பேட்டரி இப்போது கடையில் கிடையாது. அதே அளவில் 1.5 வோல்ட் போட்டால் முள் பொய் சொல்லும்.

ஹாசல்பிளாடுக்கு வருவோம். 1969-இல் நிலவுக்குப் போன வம்சம் என்று விற்பவர் சொல்லுவார். சொல்லட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது பின்னால் மாட்டும் ஃபிலிம் பெட்டி. உள்ளே இருக்கும் செருகியில் மூன்று இலக்க எண் பொறித்திருக்கும். அது பெட்டியின் வரிசை எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பெட்டிகளைக் கலந்திருக்கிறார்கள், படங்களுக்கு நடுவே இடைவெளி சீராக வராமல் போகலாம். ஃபிலிமை வெளிச்சத்திலிருந்து மறைக்கும் தகடு செருகும் இடுக்கில் ஒளி கசிவதும் சகஜம், அதைச் சரிசெய்வது சின்ன வேலைதான். இன்னொன்று: 500 வரிசையில் ஷட்டர் லென்ஸுக்குள் இருக்கிறது. லென்ஸ், பாடி இரண்டும் முடுக்கிய, அதாவது ஸ்பிரிங்கை இழுத்துத் தயாராக வைத்த நிலையில்தான் மாட்டவும் கழற்றவும் வேண்டும். ஒன்று முடுக்கி, ஒன்று முடுக்காமல் மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொண்டு நிற்கும். புதியவர்கள் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும் விபத்து. பலவந்தம் பண்ணாமல் தெரிந்தவரிடம் எடுத்துப் போங்கள்.

மூன்றாம் படி: கையில் கிடைக்கும் இருபது நிமிடம்

கையில் எஃப்எம்2 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற கேமராக்களுக்கும் முறை கிட்டத்தட்ட இதேதான்.

வெளித்தோற்றத்தில் தேய்மானத்தைப் பார்த்து மிரளாதீர்கள். கறுப்புப் பூச்சு தேய்ந்து ஓரத்தில் பித்தளை தெரிந்தால் அது உழைத்த கேமரா. 30 வருடம் பீரோவில் பூட்டிவைத்த பளபளப்பான கேமராவைவிட அதையே நான் எடுப்பேன். ஓடாமல் நிறுத்திவைத்த வண்டி மாதிரிதான் இதுவும், எண்ணெய் உள்ளேயே காய்ந்து இறுகிவிடும். ஸ்க்ரூ தலைகளை மட்டும் உற்றுப் பாருங்கள். தலை நசுங்கியிருந்தால் யாரோ வீட்டில் உட்கார்ந்து திறந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடியில் பேட்டரி மூடியைத் திறங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் பேட்டரி ஒழுகியிருக்கிறது. லேசான பூப்பைத் துடைத்துவிடலாம். ஒயருக்குள் ஏறியிருந்தால் கஷ்டம்.

பின்கதவைத் திறங்கள். கதவு பொருந்தும் பள்ளத்தில் கறுப்புப் பஞ்சு இருக்கும். தீக்குச்சி முனையால் தொட்டுப் பாருங்கள். தார் மாதிரி ஒட்டினால் மாற்ற வேண்டும். சின்னச் செலவு, நீங்களேகூடச் செய்யலாம். ஷட்டர் இதழ்களை மட்டும் விரலால் தொடாதீர்கள். அவ்வளவு மெல்லிய தகடு. ஆரம்ப கால எஃப்எம்2-களில் டைட்டானியத்தில் தேன்கூட்டு வடிவம் பதித்து எடை குறைத்திருக்கிறார்கள், பிற்பாடு அலுமினியத்துக்கு மாறினார்கள். ஒரு பள்ளம் விழுந்தாலும் ஷட்டர் போச்சு.

இப்போது ஃபிலிம் நகர்த்தும் லீவரை வெளியே இழுத்துவிடுங்கள். உடலோடு ஒட்டியிருக்கும்போது பட்டன் பூட்டியிருக்கும். இது தெரியாமல் 'ஷட்டர் அடிக்கவில்லை' என்று கேமராவைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். (இடது கண்ணால் பார்ப்பவர் என்றால் அந்த லீவர் முகத்தில் குத்தும். பழகிக்கொள்ள வேண்டியதுதான்.) ஒரு விநாடியில் வைத்துச் சுடுங்கள். உள்ளே பல்சக்கரம் 'வ்ர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடி முடிய வேண்டும். நடுவில் இழுத்தால், திக்கினால், பழைய எண்ணெய். அப்புறம் 1/2, 1/4 என்று வரிசையாக மேலே போங்கள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைந்த நேரமே காதில் விழ வேண்டும்.

காதை நம்பாதவர்களுக்கு ஃபோன் இருக்கிறது. கேமராவின் பின்கதவைத் திறந்து வெளிச்சமான ஜன்னல் பக்கம் முன்பக்கத்தைக் காட்டி, பின்னாலிருந்து 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் வீடியோ எடுங்கள். ஒரு விநாடி என்றால் ஷட்டர் 240 ஃப்ரேம் திறந்திருக்க வேண்டும், 1/15-க்கு 16, 1/30-க்கு 8. ஃபோனின் வேகம் கொஞ்சம் முன்பின் இருக்கும், அதனால் ஒன்றிரண்டு ஃப்ரேமுக்காகச் சண்டை போடாதீர்கள். 1/60-க்கு மேல் இந்த முறை உதவாது. அதை ரோலில்தான் பார்க்க வேண்டும்.

லென்ஸைக் கழற்றி, அதன் உள்ளே இதழ்களால் ஆன துவாரமான அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, ஃபோன் டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். தூசி எல்லா லென்ஸிலும் இருக்கும், விடுங்கள். சிலந்திவலை மாதிரி நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை. அப்புறம் அப்பர்ச்சர் லீவரைத் தட்டிவிடுங்கள். இதழ்கள் படக்கென்று மூட வேண்டும். சோம்பேறித்தனமாக மூடினால் எண்ணெய் படிந்திருக்கிறது.

மிகப் பழைய கேமரா என்றால் செல்ஃப் டைமரைத் தொடாமல் விடுவது உத்தமம். பாதியில் நின்றால் கேமரா மொத்தமும் நிற்கும். அதை யாரும் பயன்படுத்துவதும் இல்லை.

லைக்கா எம் மாதிரி ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றால் மொட்டை மாடிக்குப் போய் தூரத்து டவர் ஒன்றைப் பாருங்கள். லென்ஸ் முடிவிலியில் இருக்கும்போது இரண்டு உருவமும் ஒன்றாகச் சேர வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் எளிதில் சரியாகும். மேல்கீழாக விலகியிருந்தால் கேமரா கீழே விழுந்திருக்குமோ என்று கேளுங்கள்.

நான்காம் படி: ஒரு ரோலைப் பலி கொடுங்கள்

திருப்பித் தரும் கெடு முடியும் முன்பாகவே ஒரு கறுப்பு வெள்ளை ரோல் போட்டுக் கழுவிவிடுங்கள். அழகான படம் எடுக்க வேண்டாம். தெளிந்த வானத்தை 1/500, 1/1000, அதற்கு மேலும் இருந்தால் அதிலும் எடுங்கள். ஃப்ரேமின் ஒரு பக்கம் மட்டும் வெளிறியோ இருண்டோ வந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. செங்கல் சுவர் ஒன்று, முழு அப்பர்ச்சரில் ஒரு முகம், தூரத்தில் ஒரு கோபுரம். ரோலின் நடுவில் கேமராவை மூடி போட்டு உச்சி வெயிலில் பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி வைத்திருங்கள்.

கழுவிய பிறகு ஸ்கேனை மட்டும் பார்க்காதீர்கள். நெகட்டிவையே ஃபோனின் வெள்ளைத் திரை மேல் வைத்துப் பாருங்கள். ஒளிக் கசிவின் கறுப்புத் தடம் ஓரத்துத் துளைகள் வரை பரவியிருந்தால் கசிவு பின்கதவு வழியாக, அதாவது பஞ்சு. ஃப்ரேமின் எல்லைக்குள்ளேயே நின்றிருந்தால் முன்பக்கம், அதாவது ஷட்டர் திரை. முதலாவது காபி செலவு, இரண்டாவது கல்யாணச் செலவு. ஃப்ரேம்களுக்கு நடுவே இடைவெளி சீராக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஷட்டர் 1/1000 என்று போட்டு 1/800-இல் ஓடினால் கவலைப்படாதீர்கள். நெகட்டிவ் ஃபிலிம் அதையெல்லாம் பெரிதுபடுத்தாது.

ஐந்தாம் படி: மெக்கானிக்

கேமரா வாங்கும் முன்பே அவரைத் தேடுங்கள். கேமரா விலையில் கால் பங்கைச் சர்வீஸுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். "இப்போதுதான் சிஎல்ஏ பண்ணியது" என்று விற்பவர் சொன்னால், அதாவது கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டுச் சரிபார்த்தது என்று சொன்னால், பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் பண்ணவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் 'ஜங்க்' என்று போட்டிருப்பதைத் தொடாதீர்கள், சுங்க வரியையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக, வீட்டில்

எத்தனை உறுதியாகச் செய்த கேமராவும் ஐப்பசி மழையில் ஒரு தோல் உறைக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் தீர்ந்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பூஞ்சைக்கு அதைவிடச் சொகுசான இடம் இல்லை. என் 50 எம்எம் லென்ஸ் ஒன்று அப்படித்தான் போனது. பழி என்னுடையது. தோல் உறையைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள். வேலையில்லாத கேமராவிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள், ஷட்டரை முடுக்கிய நிலையில் விடாதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து, ஃபிலிம் இல்லாமலே எல்லா வேகத்திலும் இரண்டு முறை சுட்டுவிட்டு வையுங்கள்.

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரியான டிரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர் போதும். 40-க்கும் 50-க்கும் நடுவில் முள் நிற்க வேண்டும். அரிசி மூட்டையில் புதைத்து வைக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மாவுத் தூசிதான் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் நிறம் மாறியதும் பழைய இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் சூடுபடுத்தினால் பழைய நிறத்துக்கு வந்துவிடும். அந்தச் சட்டியைச் சமையலுக்கு மறுபடி எடுக்காதபடி மேலே பெயின்ட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருக்கிறேன்.